புதுப்பிப்பு: கேட்ஸ்பியை மெச்சலாமா?

பொய்ப் பெயர், கள்ளச் சாராயப் பணம், பிறன்மனை மோகம். இத்தனைக்கும் பிறகு ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925) நாவலின் நாயகன் கேட்ஸ்பிக்காக எங்கள் வாசிப்பு வட்டத்தில் எப்படி வாதாடுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஆறாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கும் யோசனை எடுபடவில்லை. பதினேழு வயதில் ஜேம்ஸ் கேட்ஸ் தன் பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்ளும் இடத்தைப் படித்ததுமே, “ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றுக்காரன்” என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

கைகொடுத்தது, “கடைசி அத்தியாயத்தில் தந்தை காட்டும் அட்டவணையை வாசியுங்கள்” என்ற யோசனைதான். சிறுவயது கேட்ஸ்பி ஒரு கௌபாய் கதைப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிவைத்த தினசரி ஒழுங்கு அது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டும், பெற்றோரிடம் இன்னும் நல்லபடி நடக்க வேண்டும். வாரம் ஐந்து டாலர் சேமிப்பு என்று எழுதி, அதை அடித்துவிட்டு மூன்று என்று திருத்தியிருக்கிறான். அந்த அடித்தலைக் கேட்டதும் அறை அமைதியானது. கடுமையாக எதிர்த்தவர்கூட, “பையனை மெச்சுகிறேன், ஆளை அல்ல” என்று இறங்கிவந்தார். எனக்கு அது போதும். நாவலின் கதைசொல்லியான நிக் கூட அவனைப் பாராட்டிய கையோடு, முதலிலிருந்து கடைசிவரை அவனை ஏற்கவில்லை என்கிறான்.

எதிர்பாராத ஒன்று: அட்டவணையில் உள்ள ஆண்டு 1906. அது எழுதப்பட்ட அந்தக் கௌபாய் புத்தகமான ‘ஹாப்பலாங் கேசிடி’ வெளிவந்ததோ 1910இல்!