சான்றிதழ் பெற்ற தோட்டத்தில் தொழிலாளி யாரிடம் கேள்வி கேட்பது?

மஸ்கெலியா வாசகி:
இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தோட்டத்துத் தேயிலை சர்வதேசச் சான்றிதழோடு ஏற்றுமதியாகிறது. ஆய்வாளர்கள் வரும் நாளில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வடிகான்கள் துப்புரவாகின்றன, மருந்தடிப்போருக்குக் கையுறை கிடைக்கிறது. அவர்களோடு பேச வேண்டியவர்கள் யார் என்பதைத் தோட்ட அலுவலகமே தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கையைப் பெரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) எவரும் வாசித்துக் காட்டியதில்லை. சான்றிதழ் விதிகள் சட்டமல்ல, கம்பனி விரும்பி ஏற்ற நெறிமுறை, ஆகவே தொழில் திணைக்களத்திடம் போக முடியாது என்கிறார்கள். அப்படியானால் இதற்குப் பொறுப்புக் கூற வேண்டியவர் யார்?

சட்டமுற்றம்:
திணைக்களத்திடம் போக முடியாது என்பது பாதி உண்மையே. சம்பள நிர்ணய சபை விதித்த சம்பளம், ஊழியர் சேமலாப நிதி போன்றவை நெறிமுறையில் இருந்தாலும் அவை சட்டக் கடமைகளே. அவை மீறப்பட்டால் தாராளமாக முறையிடலாம். மற்றவற்றுக்கு, 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டுக் கோட்பாடுகள் உதவும். அவற்றின் 31ஆவது கோட்பாடு, முறைப்பாட்டுப் பொறிமுறை எளிதில் அணுகக்கூடியதாகவும் வெளிப்படையானதாகவும் இருக்க வேண்டும் என்றும், கம்பனி அளவிலான பொறிமுறையை வடிவமைக்கும்போது அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இன்னொரு வழியும் உண்டு. பன்னாட்டுக் கம்பனிகளுக்கான ஓ.ஈ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு) வழிகாட்டு நெறிகளை ஏற்ற நாடுகளில் இலங்கை இல்லை. ஆயினும் தேயிலையை வாங்கும் கம்பனி பிரித்தானியாவையோ ஜேர்மனியையோ சேர்ந்ததாயின், அந்த நெறிகள் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கும் அந்நாட்டின் தேசியத் தொடர்பு மையத்தில் முறைப்பாடு செய்யலாம். அம்மையம் தண்டம் விதிக்காது. சமரசத்துக்கு முயன்று, முடிவில் அறிக்கை வெளியிடும்.

பழைய தோட்டத் தலைவர்:
சகோதரியின் கேள்வி நியாயமானது. ஆனால், சட்டமாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைத் தீர்மானித்த கூட்டு ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணமாகவே இருந்தது. அதை இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் கொழும்பில் பேசி முடித்தன. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதில் என்ன இருக்கிறது என்பதைக் கையெழுத்தான பிறகே அறிந்தார்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதும் கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகின. கட்டுப்படுத்தும் வலு வேறு, மக்களின் பங்கு வேறு. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் என்ற முறையில் நானும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றேன். லண்டனுக்கோ பேர்லினுக்கோ மனு அனுப்புவதற்கு முன், பேட்டிக்கு உரியவர்களைச் செக்றோலிலிருந்து (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) ஆய்வாளரே தெரிவுசெய்து, வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளை அருகில் இல்லாத இடத்தில் பேச வேண்டும் என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

மஸ்கெலியா வாசகி:
அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறலாமா?

சட்டமுற்றம்:
2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பொது அதிகார சபைகளுக்கே பொருந்தும். தனியார் சான்றிதழ் நிறுவனத்தின் அறிக்கையை அதன் மூலம் நேரடியாகக் கேட்க முடியாது. பெருந்தோட்ட அமைச்சிடம் அதன் பிரதி இருந்தால் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். வர்த்தக இரகசியம் என்று மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் இடமுண்டு. ஆனால் சுருக்கத்தைப் பெரட்டுக்களத்தில் ஒட்டும்படி சான்றிதழ் நிறுவனத்தையே கேட்பதுதான் குறுக்குவழி. அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.