ஹாப்ஸ் தூக்கலான பில்ஸ்னர்: இவ்வளவு மணக்குமா?

கேள்வி:
கிராஃப்ட் பில்ஸ்னர் ஒன்று, அதாவது சிறு ஆலையில் காய்ச்சிய வெளிர் பீர், குடித்துப் பார்த்தேன். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ இதில் தூக்கல். வெளிர் பொன் நிறம். குடிக்கக் குடிக்க நுரை கிளாஸில் வளையம் வளையமாக ஒட்டி நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் எலுமிச்சைத் தோல், அப்புறம் அறுத்த புல். கசப்பு அடிநாக்கில் கொஞ்ச நேரம் தங்குகிறது, ஆனால் உறுத்தவில்லை. ஹாப்ஸ் மணத்துக்குப் பேர்போன ஐபிஏ பீருக்கே லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்களோ?

பதில் 1:
இல்லைங்க. பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகை. ஐபிஏ ஏல் வகை, இது லாகர், புளிக்கவைக்கும் ஈஸ்ட்டே வேறு. இந்த மணத்துக்குக் காரணம் டிரை ஹாப்பிங்காக இருக்கும், அதாவது ஹாப்ஸைக் கொதிக்கவிடாமல் பீரிலேயே ஊறவைப்பது. கசப்பு பெரிதாக ஏறாது, வாசனை தூக்கும். இத்தாலியில் 1996இல் வந்த டிப்போபில்ஸ் என்ற பீர் இப்படிச் செய்யும் பில்ஸ்னர்களுக்கு முன்னோடி. 1842இல் இன்றைய செக் நாட்டின் பில்சென் நகரில் பிறந்த மூல பில்ஸ்னரிலும் சாஸ் (Saaz) என்ற செக் வகை ஹாப்ஸ் தாராளம்தான், என்ன, அது மூலிகை மணம். எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும்.

பதில் 2:
பாட்டிலா, கேனா? பச்சை பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு நாற்றம் வரும். ரொம்பவும் சில்லென்று குடிக்காதீர்கள், வாசனை அடங்கிவிடும். 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் போதும்.

கேள்வி கேட்டவர்:
கேன்தான். நாற்றமெல்லாம் இல்லை. சரி, அடுத்தது சாஸ் ஹாப்ஸ் போட்டதைத் தேடுகிறேன்.