குன்னூருக்கு வந்ததும் கதவு திறக்க மறுக்கும் ஃப்ரீஸ் டிரையர்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூரில் ஒழுங்காக ஓடிய ஃப்ரீஸ் டிரையர் (பொருளை உறையவைத்து வேக்குவத்தில் உலர்த்தும் இயந்திரம்) ஒன்றைப் போன வாரம் குன்னூருக்கு மாற்றினோம். வேக்குவம் நன்றாகப் பிடிக்கிறது. கடைசியில் நைட்ரஜன் விட்டு இயந்திரத்தின் அறையை வெளிக்காற்றழுத்தம் வரை நிரப்பிய பிறகுதான் தகராறு. பேனலில் 'கதவைத் திறக்கலாம்' விளக்கு எரிவதே இல்லை.

முதலில் வால்வு அடைப்பு என்று நினைத்து இரண்டு நாள் வீணடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. கதவு இன்டர்லாக்கில் (அழுத்தம் ஏறும்வரை கதவைத் திறக்கவிடாத பூட்டு) இருப்பது அப்சல்யூட் பிரஷர் சுவிட்ச், அதாவது வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் முழு வேக்குவத்தைப் பூஜ்யமாக வைத்து அளப்பது; அது இயங்கும் அளவு, செட் பாயின்ட், 900 மில்லிபார். கோவையில் காற்றழுத்தம் சுமார் 965. குன்னூரில் 820தான் வருகிறது. பிறகு எப்படி 900ஐத் தொடும்!

செட் பாயின்ட்டை 780க்கு இறக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். எனக்குப் பயமாக இருக்கிறது. கதவு 60 செ.மீ. விட்டம், 40 மில்லிபார் வித்தியாசம் இருந்தாலே நூறு கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும். 815 வைத்தால், காற்றழுத்தம் கொஞ்சம் இறங்கும் நாளில் மறுபடி இதே கதை.

அறைக்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும் டிஃபரென்ஷியல் சுவிட்ச் போட்டால் சரியாகுமா? முழு வேக்குவத்தில் அதன் டயாஃப்ரம் (அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடு) தாங்குமா? மலைப்பகுதியில் இப்படிப் போட்டவர்கள் எந்த ரேஞ்ச் எடுத்தீர்கள்?