திரும்பத் திரும்ப ஆம்புலன்ஸை அழைக்கிறவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஆம்புலன்ஸ் ஊழியர்:
முகவரியில் பாதி சொல்லும்போதே டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். அப்படி ஒரு வீடு இல்லாத ஸ்டேஷன் இருக்காது. எங்களுக்கு வாய்த்தவர் சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர். நாங்கள் போய்ச் சேரும்போது சட்டை தொப்பலாக நனைந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடப்பார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 40க்கும் கீழே. குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, "உங்கள யாரு வரச் சொன்னா?" என்பார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஓரிரு நாளில் அவர் மனைவி மறுபடியும் கூப்பிடுவார்.

சாப்பிடாமல் மாத்திரை போடுகிறார் என்பதுதான் ஸ்டேஷனில் பொதுவான பேச்சு. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி மாத்திரை டப்பாவை மேஜையில் கொட்டிப் பார்த்தாள். இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு அட்டைகள். மேலே அச்சடித்த பெயர் வேறு, உள்ளே இருந்த மருந்து ஒன்றேதான்: கிளிபென்கிளமைடு. நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு உடம்பிலேயே தங்கிவிடும். நாம் ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்த பிறகும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த ரக மாத்திரையால் மயங்கியவர் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அன்று இரண்டு அட்டைகளையும் அவர் மனைவி கையில் கொடுத்து டாக்டரிடம் காட்டச் சொன்னாள். டாக்டர் மருந்தை மாற்றினார். அத்தோடு அழைப்பும் நின்றது.

எங்கள் படிவத்தில் 'வர மறுத்தார்' என்பதற்குக் கட்டம் இருக்கிறது. ஏன் அடிக்கடி ஆகிறது என்று எழுத ஒரு வரி கூடக் கிடையாது.

அழைப்பு எடுப்பவர்:
பிரிட்டனில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். 18 வயது நிரம்பியவர் வீட்டிலிருந்து ஒரு மாதத்தில் 5 முறையோ, 3 மாதத்தில் 12 முறையோ அழைத்தால் அவர் 'அடிக்கடி அழைப்பவர்'. பட்டியல் போட உதவும், சரி. போனை எடுக்கிறவருக்கு அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை.

எனக்குப் பழக்கமான குரல் ஒரு அம்மாவுடையது. நெஞ்சு இறுக்கம், வாயைச் சுற்றி மரத்துப்போவது, விரல்கள் கோணிக்கொள்வது. நான் கேள்வி கேட்பதற்கு முன்பே வரிசையாகப் பதில் சொல்லிவிடுவார். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படி ஆகும். நடிப்பு என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை அந்த விரல்களைப் பார்க்கட்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளே இருப்பது மாரடைப்போ நுரையீரலில் ரத்தக்கட்டியோ என்றால் அந்தப் பையே ஆபத்தாகிவிடும்.

அவர் அழைக்கும் நேரத்தைக் கவனித்தோம். மகள் இரவு வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில்தான் எல்லாமே. இப்போது அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு நர்ஸ் தானாகவே போன் போட்டுப் பேசுகிறார். அழைப்பு அடியோடு நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது.

ஒரு மகள்:
எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அம்மா கீழே விழுந்தால் என்னால் தனியாகத் தூக்க முடியாது. அடிபடாவிட்டாலும் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது எங்கள் கண்ணுக்கும் தெரியும். வயதானவர் மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் தசை நசுங்கிச் சிறுநீரகமே கெட்டுப்போகும் என்று எனக்குச் சொன்னதும் அவர்களில் ஒருவர்தான். அடி இல்லை என்று உறுதியானால் எழுப்பும் முறையையும் அவரே காட்டினார். முதலில் ஒருக்களித்து, அப்புறம் முட்டி போட வைத்து, முன்னால் ஒரு நாற்காலி. இரு கையையும் அதில் ஊன்றி, வலுவான காலை முதலில் மடக்கி வைத்து எழ வேண்டும். பின்னால் இன்னொரு நாற்காலி. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவருக்குக் கோடி நன்றி.

ஓய்வு பெற்ற டிரைவர்:
குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர் ஒருவர். ஏற்றும்போதெல்லாம் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். ஒரு நாள் திட்டவே இல்லை. என்னோடு வந்த ஊழியர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கண்மணி பெரிதாக இருந்தது. மூளைக்கு மேல் ரத்தக்கசிவு. பல வருடம் குடிப்பவர்களுக்கு மூளை சுருங்கி அதன் மேலுள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும், கல்லீரல் கெட்டதால் ரத்தமும் சீக்கிரம் உறையாது. சின்ன அடியே போதும்.

மருத்துவப் புள்ளிவிவரம் படித்தவர்:
'நாங்கள் தலையிட்டோம், குறைந்தது' என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அமெரிக்காவின் கேம்டன் நகரில் அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேரும் 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நர்ஸ், சமூகப் பணியாளர் என்று வீடு தேடிப் போய் உதவினார்கள். முடிவு 2020இல் வெளியானது. 180 நாளில் மறுபடி சேர்ந்தவர்கள் உதவி பெற்ற பக்கம் 62.3 சதவீதம், மற்ற பக்கம் 61.7. உச்சத்தில் இருக்கும்போது ஒருவரைக் கவனிக்கத் தொடங்கினால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும்.

ஆம்புலன்ஸ் ஊழியர்:
நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்கு நர்ஸ் போன் செய்வதை அப்படிச் சந்தேகிக்கலாம். எங்கள் பெரியவர் விஷயத்தில் மாட்டேன். ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டுக்கொண்டிருந்தவருக்கு எண்ணிக்கை தானாக இறங்கியிருக்காது, அவர்தான் போயிருப்பார். வேறு யாருடைய வண்டியிலாவது மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.