பழைய சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டர்: எந்த சீட், ஏன் மங்கல், வசனம் ஏன் அமுங்குகிறது?

தரைடிக்கெட் (கேள்வி):
சென்னையில் ஒரு பழைய சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டர், பெயர் வேண்டாம். சுமார் 800 சீட், மேலே பால்கனி. மூன்று சந்தேகம். புக் பண்ணும்போது எந்த வரிசை எடுப்பது, பால்கனியா கீழேயா? படம் சில காட்சியில் பளிச்சென்று இருக்கிறது, சில காட்சியில் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி மங்கல், ஏன்? பாட்டு காதைக் கிழிக்கிறது, வசனம் மட்டும் வாயில் துணி வைத்துப் பேசுவது போல இருக்கிறது, இது யார் கோளாறு? இதில் எதையெல்லாம் அங்கேயே சொல்லிச் சரிசெய்ய முடியும்? அடுத்த வாரம் 1960களின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று மறுவெளியீடு வருகிறது, அதற்குள் தெரிந்தால் நல்லது.

கேபின்ஜன்னல்:
சீட் விஷயம் முதலில். திரையின் அகலத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அகலத்தைப் போல 1.2 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் படம் கண்ணில் 45 டிகிரி விரியும், ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனால் 36 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல சீட். 50 அடித் திரை என்றால் 60 முதல் 77 அடி. முதல் வரிசை திரையிலிருந்து 20 அடி, வரிசைக்கு வரிசை மூன்றரை அடி என்று வைத்தால் சுமார் 12 முதல் 17வது வரிசை வரும்.

ஆனால் பால்கனி தியேட்டரில் இந்தக் கணக்கை இன்னொன்று கெடுக்கும். கீழே பின்வரிசைகளுக்கு மேல் பால்கனி கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிழலுக்குள் உள்ளே போகப் போக மேலிருந்து வரும் சத்தம் மறைந்துவிடும். அட்மாஸ் (கூரையிலும் ஸ்பீக்கர் வைக்கும் ஒலிமுறை) போட்டிருந்தாலும் கூரை ஸ்பீக்கர் உங்களுக்கு இல்லை. கீழே எடுத்தால் பால்கனி விளிம்புக்கு இரண்டு வரிசை முன்னால் எடுங்கள். மேலே என்றால் பால்கனியின் முதல் இரண்டு வரிசை, ஆனால் கைப்பிடிக் கம்பி படத்தின் அடியை மறைக்காத சீட்டாக. சப்டைட்டில் படம் என்றால் அந்தக் கம்பிதான் வில்லன்.

ஆப்பில் பார்க்கும்போது ஏ வரிசை முன்னாலா பின்னாலா என்பது தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். எழுத்தை நம்பாமல் வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

செனான்தாத்தா:
வெளிச்சத்துக்கு வருகிறேன். ஆள் இல்லாத அரங்கில், திரையின் நடுவில் 14 அடி-லாம்பெர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பதுதான் டிஜிட்டல் சினிமாவின் அளவு. 3டி படத்தில் கண்ணாடி வழியே வருவது பல இடங்களில் நான்கைந்துதான்.

காட்சிக்குக் காட்சி மாறுகிறது என்கிறீர்கள், அதுதான் துப்பு. அதே திரையில் அன்று 3டி படமும் ஓடுகிறதா பாருங்கள். 3டிக்காக லென்ஸ் முன்னால் வைக்கும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டி பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கும். அடுத்த 2டி காட்சிக்கு அதை நகர்த்த மறந்தால் நீங்கள் சொன்ன விளக்கு வைக்கிற நேரம்தான். இதைச் சொன்னால் அரை நிமிட வேலை.

எப்போதும் மங்கல் என்றால் கதை வேறு. ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் செனான் பல்பு ஓட ஓட வெளிச்சம் குறையும். பெரிய பல்புக்கு ஆயுளும் குறைவு, விலையும் அதிகம், அதனால் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். வெளிச்சம் மெலிதாகத் துடித்தால் பல்பு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. கேபின் (ப்ரொஜெக்டர் அறை) ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசியும் இதே வேலை செய்யும், துடைக்க ஒரு துணி போதும்.

இன்னொன்று, சில்வர் ஸ்கிரீன், அதாவது 3டிக்காகப் போடும் வெள்ளிப் பூச்சுத் திரை. வெள்ளையான காட்சி வரும்போது திரை நடுவில் ஒரு பளபளப்பு, ஓரங்களில் சாம்பல் நிறம் தெரியும். நாலு சீட் தள்ளி உட்காருங்கள், அந்தப் பளபளப்பும் கூடவே நகர்ந்து வரும். அப்படி வந்தால் சில்வர். அங்கே ஓர சீட் எடுக்கவே வேண்டாம்.

ஹார்ன்டிரைவர்:
சத்தம். வசனம் கிட்டத்தட்ட முழுக்க திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். பாட்டு இடது, வலது, சரவுண்ட் எல்லாவற்றிலும் பரவும். பாட்டு நன்றாக இருந்து வசனம் மட்டும் அமுங்கினால் சந்தேகம் சென்டர் மேல்தான். விளம்பரத்தில் யாராவது பேசும்போதே சோதித்துவிடலாம்: 'காசு', 'புதுசு' என்னும்போது அந்தச் சகரம் சீறுகிறதா? சீறவில்லை என்றால் ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயிக்கான பகுதியான ஹார்ன் டிரைவர் போயிருக்கும், அல்லது அதன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ட்ரிப் ஆகியிருக்கும். ஆம்ப் என்றால் உடனே பார்க்கலாம். டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடான டயஃப்ரம் கிழிந்திருந்தால் உதிரி வரும்வரை ஒன்றும் ஆகாது. திரையில் சத்தம் வர ஊசித் துளைகள் இருக்கும். திரைக்குப் பெயின்ட் அடித்து அந்தத் துளைகளை அடைத்த புண்ணியவான்களும் உண்டு.

சகரம் சரியாக இருந்து மொத்தமும் சன்னமாக இருந்தால் ஃபேடர், அதாவது மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ். தியேட்டரின் ஒலிக் கருவியான டால்பி பிராசசரில் 7 என்பதுதான் கலவை செய்தபோது வைத்திருந்த அளவு. 7க்கும் 4க்கும் நடுவில் ஒரு எண் இறக்கினால் சுமார் 3.3 டெசிபெல் குறையும், 4க்குக் கீழே எண்ணுக்கு 20. டிரெய்லர் அலறுகிறது என்று இறக்கியதை அப்படியே விட்டுவிட்டுப் படத்தை ஓட்டுவது அன்றாடம் நடப்பது. கத்திக் கூப்பிட்டால் கேபினுக்குக் கேட்காது. டிக்கெட் கிழிப்பவரிடம் சொல்லி மேனேஜரைப் பிடித்து, "வசனம் கேட்கல, ஃபேடர் எதுல இருக்கு?" என்று கேளுங்கள். "சவுண்டு வை" என்றால் பாட்டும் சேர்ந்து ஏறும், வீட்டுக்குத் தலைவலியோடு போவீர்கள்.

தரைடிக்கெட்:
நன்றி. சில்வர் ஸ்கிரீன் சோதனை அருமை, நடுவில் பளபளப்பு உண்டு. அந்தக் கருப்பு வெள்ளைப் படத்துக்கு எதைக் கவனிக்க?

கேபின்ஜன்னல்:
தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை, சுருக்கமாக ஸ்கோப்) படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய படம் ஸ்கோப் திரை முழுக்க நிரம்பி ஓடினால், மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் அல்லது இழுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படச்சட்டம் உயரம் ஒன்றுக்கு அகலம் 1.37. அதை ஸ்கோப்பின் 2.39க்கு வெட்டினால் உயரத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். குளோசப்பில் நெற்றி இருக்காது, நடனத்தில் பாதம் இருக்காது. இழுத்திருந்தால் எல்லோர் முகமும் பூசணி.

சரியாக ஓட்டினால் இரண்டு பக்கமும் கருப்பு இருக்கும், அது கோளாறு அல்ல. படம் பிளாட் (ஸ்கோப்பை விட அகலம் குறைந்த) படச்சட்டத்துக்குள் 1480க்கு 1080 புள்ளியில் உட்கார்ந்திருக்கும், ஆகவே ப்ரொஜெக்டர் பிளாட் ப்ரீசெட்டில் (முன்பே பதிந்து வைத்த அமைப்பில்) இருக்க வேண்டும். ஸ்கோப்பில் விட்டால் டைட்டிலிலேயே பெயர்களின் தலை போகும். அப்போதே எழுந்து போய்ச் சொல்லுங்கள், ஒரு பட்டன்தான்.

சொல்லியும் மாறவில்லை என்றால் கோப்பின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் பிளாட், எஸ் இருந்தால் ஸ்கோப். எஸ் என்றால் வெட்டியது மறுவெளியீட்டுக்காரர்கள், ஆப்பரேட்டரைத் திட்ட வேண்டாம்.