முகத்தைக் காட்டித்தான் விற்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அக்காமார், அண்ணாமார். கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலேயே பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு செய்து விற்கிறேன். ஆறு வருடமாக எல்லாம் என் சொந்த பேஸ்புக் கணக்கில்தான். இப்போது 5,000 நண்பர்கள் நிரம்பிவிட்டார்கள், இனி ஒருவரையும் சேர்க்க முடியாது. தனியாக ஒரு பேஜ் தொடங்கினேன். அங்கே ஈ கூட எட்டிப் பார்ப்பதில்லை.

"பலகாரப் படம் எல்லாரும்தான் போடுகிறார்கள், நீங்கள் அரியதரம் சுட்டுக்கொண்டே பேசுங்கள் அம்மா" என்கிறாள் மகள். சரிதான். போன தீபாவளிக்கு நான் எடுத்த படத்தையே ஒருவர் தன்னுடையது என்று போட்டு ஓடர் எடுத்தார். என் முகம் அதில் இருந்திருந்தால் துணிந்திருப்பாரா? ஆனால் கமராவைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கையும் குரலும் மட்டும் வந்தால் போதுமா, ஆட்கள் நம்புவார்களா?

அப்புறம் மொழி. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள், சித்திரைப் புத்தாண்டு வந்தால் அவர்களுடைய கொக்கிஸ் பலகாரமும் கேட்பார்கள். ஒரே பதிவில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் எழுதினால் ராமாயணம் மாதிரி நீண்டுவிடுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய கணக்கையே புரொபெஷனல் மோடுக்கு மாற்றினால் நண்பராகாமலே பின்தொடரலாமாம். மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், குடும்பப் படங்களை முதலில் என்ன செய்தீர்கள்?