உப்பு, சர்க்கரை, தண்ணீர்: இதற்கு ஆய்வகம் எதற்கு?

முத்துவேல்: மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன், 'அடிப்படை ஆராய்ச்சி இல்லாமல் நவீன மருத்துவமே இல்லை' என்கிறான். எனக்கு ஒப்பவில்லை. பேதிக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல், ஓ.ஆர்.எஸ்-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1971, வங்கதேசப் போர், மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்புநீர், சலைன், தீர்ந்துபோனது. தரையில் கிடந்தவர்களுக்கு மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் சிகிச்சை தர முடிந்தது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 3.6-க்கு இறங்கியது. இதில் ஆய்வகம் எங்கே?

பிப்பெட், ஆய்வகத்தின் தரப்பு: லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு. அந்த அளவு வானத்திலிருந்தா விழுந்தது? உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் பிராகில் ஒரு கூட்டத்தில் சொன்னது இது: சோடியமும் குளுக்கோஸும் குடலின் ஒரே வாசலில் ஒன்றாகத்தான் நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீரும் வரும். அவர் கேள்வி காலராவே இல்லை, சர்க்கரை எப்படி உள்ளே போகிறது என்பதுதான். காலராவிலும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. சர்க்கரை இல்லாத வெறும் உப்புத்தண்ணீரைக் கொடுத்திருந்தால் அந்த முகாமில் ஒன்றும் நடந்திருக்காது.

முத்துவேல்: அப்படியா! கல்கத்தாவில் டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-லேயே 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே குளுக்கோஸும் உப்பும் கொடுத்து, அதை லான்செட் மருத்துவ இதழில் எழுதியும் விட்டார். கிரேன் பேசியதற்கு ஏழு வருடம் முன்னால். எங்கள் பாட்டி உப்புப் போட்ட நொய்க்கஞ்சி கொடுத்தது அதற்கும் முன்னால்!

பிப்பெட்: நல்ல உதாரணம், ஆனால் என் கட்சிக்கு. அந்தக் கட்டுரையை யார் கண்டுகொண்டார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கமும் இல்லை. காலராவில் குடலின் உள்தோலே உரிந்துவிடுகிறது என்று நம்பிய காலம் அது. உரிந்த குடல் எதை உறிஞ்சும்? அந்த நம்பிக்கை உடைந்த பிறகுதான் டாக்டர்கள் துணிந்தார்கள்.

அதே கல்கத்தாவில் எஸ்.என். டே என்ற ஆராய்ச்சியாளர் முயல் குடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே காலராக் கிருமியைச் செலுத்தினார். துண்டு நீர் நிரம்பி உப்பியது. 1959-ல் கிருமியை வடிகட்டிவிட்டு மீதி நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. கிருமி விடும் நஞ்சுதான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்று அங்கேதான் தெரிந்தது. உங்கள் பாட்டியின் கஞ்சியும் சரிதான், மாவு செரித்தால் குளுக்கோஸ்தானே.

மலர், செவிலியர்: இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்க மறந்துவிட்டீர்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால், கிள்ளிய மடிப்பு மெதுவாகத்தான் தணிந்தது; உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. அந்தத் தவறை எந்த முயலும் திருத்தவில்லை. பாக்கெட்டில் டம்ளர் கணக்கு போட்டிருந்தால் திருந்தியிருக்கும். ஆனால் பிப்பெட் சொல்வதிலும் ஒன்று உண்டு. 2002-ல் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தார்கள். புதுக் கலவையில் பேதியும் வாந்தியும் குறைந்தன. குடல் எப்படி உறிஞ்சுகிறது என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது.

முத்துவேல்: சரி, டேவின் முயலுக்கு நான் தலைவணங்குகிறேன். அதற்கு வேண்டியது நூலும் கத்தியும்தான். நான் எதிர்ப்பது கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கிவிட்டு உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கும் கூட்டத்தை.

பிப்பெட்: அதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் 1960-ல் கிரேனிடம் 'இது எந்த நோய்க்கு உதவும்?' என்று கேட்டுத்தான் பணம் தருவேன் என்றால், அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

முத்துவேல்: தெரியாது என்றுதான். அது இருக்கட்டும், மலர் அக்கா, குடித்ததை எல்லாம் குழந்தை வாந்தி எடுத்தால்?

மலர், செவிலியர்: பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஸ்பூனாக, மெதுவாக.